குண்டூசி

பெண்கள் பெட்டியில் ஏறியதுமே முனவ்வரா முடிவு செய்துவிட்டாள்: அடுத்த நிலையம் வருவதற்குள் தலைத்துணியைக் கழற்றிவிட வேண்டும்.

"ரெண்டு மாசமா ஒரு வேளகூட தொழல. உனக்கு எதுக்குடி இந்த வேஷம்?" என்று அக்கா, அவள் லாத்தா, காலையில் கேட்டது காதிலேயே நின்றது. லாத்தா தொழச் சொல்லித்தான் அப்படிக் கேட்டாள். இவளுக்கோ, துணியை எடுத்துவிட்டால் பொய்யாவது ஒழியுமே என்று பட்டது.

மோவாய்க்குக் கீழிருந்த குண்டூசியை உருவி உதட்டிடுக்கில் கவ்விக்கொண்டாள். துணி நழுவித் தோளில் விழுந்தது. கழுத்தில் காற்றுப் பட்டதும் யாரோ தொட்டதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

எதிரே, சோற்றுத் தூக்கை மடியில் வைத்திருந்த அம்மாள் குனிந்தாள்.

"பாய் வூட்டுப் பொண்ணுதான பாப்பா? ஏறும்போதே பாத்தேன். எம் மவனுக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். உங்க அல்லாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். எங்க சாமிங்க எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

'நான் தொழுறவ இல்லம்மா' என்று சொல்ல வேண்டும். ஊசி விழாமல் சொல்லப் பார்த்ததில் உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஆரம்பிச்சிட்டியா? இரு, இரு." அம்மாள் அவசரமாக முந்தானையை இழுத்துத் தன் தலையை மூடிக்கொண்டு, கண்களையும் மூடினாள்.

ரயில் வேகம் குறைந்தது. முனவ்வரா ஊசியை எடுத்தாள்.

"பேரு என்னம்மா?"

"எம் பேரா?"

"உங்க மகன் பேரு."

அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். முனவ்வரா இரு கைகளையும் ஏந்தினாள். உள்ளங்கையில் ஊசி கிடந்தது. துணி இன்னும் தோளில்தான் இருந்தது.