கிளம்பாத லாரி

கண்ணாடிப் பாட்டில் கம்பெனி, தன் சரக்கை ஏற்றிச் செல்ல ஆள் தேடியது. சோதனை ஓட்டத்துக்கு வந்த மூன்று லாரிகளில் இரண்டு காலையிலேயே கிளம்பிவிட்டன. மூன்றாவது மட்டும் சரக்கு மேடையருகே நின்றது. அதை ஓட்டுபவரே அதன் முதலாளி. இந்த வேலை கிடைக்காவிட்டால் லாரியை விற்றுவிட வேண்டியதுதான்.

“நேரம் தவறக் கூடாதுன்னு நிபந்தனையில முதல் வரியிலேயே போட்டிருக்காங்க மாமா. ‘சரக்கு நல்லா இருக்கு’ன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க” என்று நச்சரித்தான் மைத்துனன்.

“ஒரு பெட்டிக்குள்ள கலகலங்குது மாப்ள. எப்படிப் போடறது?”

“ஊர்ல இல்லாத நியாயம். வண்டியை வித்துட்டு வீட்ல உக்காருங்க, அக்கா காய் நறுக்கக் குடுப்பா.”

கொள்முதல் அதிகாரியான இளம்பெண் வந்தார்.

“ஏன் இன்னும் கிளம்பலை?”

லாரிக்காரர் கலகலத்த பெட்டியைச் சுட்டிக் காட்டினார். “அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்க மேடம். இல்லன்னா வெறும் வண்டியா திரும்பிடறேன்.”

அதிகாரியே திறந்தார். உள்ளே அத்தனையும் சில்லு சில்லாகக் கிடந்தன.

“நேத்து நான்தான் உடைச்சு வெச்சேன், மூணு லாரிக்கும் ஒவ்வொரு பெட்டி” என்றார் கூச்சத்துடன். “சரக்கைப் பார்த்து ஏத்தணும்னு நிபந்தனை போட்டா எல்லாரும் சரின்னுதான் எழுதறாங்க. ஆனா மத்த ரெண்டு பேரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நாளையிலேர்ந்து நீங்களே வாங்க.”

மைத்துனன் முன்னால் வந்தான்.

“காலையிலேர்ந்து நானும் அதைத்தான் மேடம் சொல்லிட்டிருக்கேன், பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க மாமான்னு.”