வேப்பமரத்துக்கு ஒரு டம்ளர்

ஹம்ஸினி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். குடிப்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு நைஸாக நகர்ந்து தண்ணீர் அத்தனையையும் வேப்பமரத்தடியில் கொட்டினாள்.

கோவிந்தராஜன் பார்த்துவிட்டார்.

பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். மௌலா அலி ஸ்டாஃப் காலனி மைதானத்தில் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு காக்கா உட்கார முடியாது. ஆபீஸ் முடிந்த கையோடு, பெல்ட்டில் சாவிக்கொத்து குலுங்க வந்துவிடுவார். ஸ்போர்ட்ஸ் கமிட்டி செக்ரட்டரி, கோச், ஸ்டோர் கீப்பர் எல்லாம் அவரேதான். சம்பளம் கிடையாது.

அவர் பொறுப்பில் இருக்கும் எதுவும் பாழானதில்லை. ஹர்டில்ஸில் பெயின்ட் உதிர்ந்ததில்லை. போன ஸ்போர்ட்ஸ் டேக்காகக் கட்டிய புதுக் கட்டடத்தின் டைல்ஸ்கூடக் கடையில் பார்த்த மாதிரியே இன்னும் பளபளக்கிறது.

அந்தத் தண்ணீரும் அவர் தயாரிப்புதான். மோண்டா மார்க்கெட்டில் தேடி வாங்கிய நன்னாரி வேர், கொத்தமல்லி விதை, சீரகம். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, இந்துப்பும் எலுமிச்சையும் சேர்த்து, கேனை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக் கொண்டுவருவார். குடித்தால் தசை பிடிக்காது, ஓடின களைப்பு அன்றைக்கே போய்விடும் என்பது அவர் கட்சி.

பையன்கள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். ஓடுவார்கள், மதில் ஓரம் ஒதுங்குவார்கள், திரும்பி வந்து மறுபடி டம்ளரை நீட்டுவார்கள்.

பெண்கள்தான் இப்படி. அந்த வேப்பமரம் மட்டும் கோடையிலும் தளதளவென்று நிற்பதன் ரகசியம் இன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

"ஹம்ஸினி, இங்க வா."

வந்தாள், லேசாக நொண்டிக்கொண்டு. முந்தின நாள்தான் கடைசி ரவுண்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ட்ராக்கிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து கால் ஏன் பிடிச்சுது தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"தெரிஞ்சுமா கொட்டறே? நான் என்ன விஷமா கலந்து கொண்டுவரேன்?"

"அய்யோ, அப்படி இல்ல. சால பாகுந்தி அங்கிள். டேஸ்ட் சூப்பர்." காலனிப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் ஹிந்தியும் கலந்த தமிழ்தான் வரும்.

"அப்புறம் என்ன?"

ஹம்ஸினி ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கச்சிபௌலி ஸ்டேடியத்தில் மாநில அணிக்குத் தேர்வு. நானூறு மீட்டரில் காலனியின் ஒரே நம்பிக்கை ஹம்ஸினி. இதில் தேறாவிட்டால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஐ.ஐ.டி. கோச்சிங்கில் சேர வேண்டியதுதான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கச்சிபௌலிக்குப் போவதானால் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போக வேண்டும், ஸ்டேடியத்துக்கு எதற்கு என்பது அவர் வாதம்.

மறுநாள் காலை, அடுப்பில் நன்னாரி கொதிக்கும்போது கோவிந்தராஜன் மனைவியிடம் பொருமித் தீர்த்தார்.

"கலர் தண்ணியை பாட்டில்ல அடைச்சுக் குடுத்தா வாங்கிக் குடிப்பாங்க. வேரு, சீரகம்னா கேவலம்!"

"ஏன் கொட்டறான்னு கேட்டீங்களா?" என்றாள் வேதவல்லி.

"கேட்டேனே. வாயைத் திறக்கலியே. அவ்வளவு திமிர்."

"திட்டிக்கிட்டே கேட்டிருப்பீங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேனில் கொஞ்சம் பனங்கற்கண்டையும் போட்டுக் கலக்கினார்.

சாயங்காலம் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார். ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஹம்ஸினியை மட்டும் முன்னால் கூப்பிட்டார்.

"ரெண்டு டம்ளர். என் கண் முன்னாடி குடிக்கணும். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டேன்."

"அங்கிள், ப்ளீஸ், நக்கோ, வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குடிக்கறேன்."

"வீட்டுல குடிச்சா இங்க ஓடறப்ப தசை பிடிக்காதா? பாதி ஓட்டத்துல நீ சுருண்டு விழறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

ஹம்ஸினிக்குக் கண் கலங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே. டம்ளரைத் தூக்கி மடக்மடக்கென்று குடித்தாள். இரண்டாவதையும் அதே வேகத்தில் குடித்தாள். கடைசிச் சொட்டுக்காக டம்ளரின் அடியைக்கூடத் தட்டினாள்.

கோவிந்தராஜனுக்குக் குழப்பமாக இருந்தது. பிடிக்காதவள் குடிக்கிற குடியா இது?

"இவ்வளவு தாகத்தை வெச்சுக்கிட்டா தினம் கொட்டினே?"

ஹம்ஸினி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

"சாவி, அங்கிள்."

"என்ன சாவி?"

"குடிச்சா போகணும்ல? பாய்ஸ் செவுத்து ஓரம் போயிடறாங்க. எங்க வீடெல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நடுவுல போயிட்டு வர முடியாது. அதான் ப்ராக்டிஸ் இருந்தா அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தே நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்ல."

அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் டம்ளரும் கையுமாக நின்றார்கள். ஒருத்தியும் இன்னும் வாயில் வைக்கவில்லை.

கோவிந்தராஜனின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்த டைரக்டரின் மனைவி உபயோகித்துவிட்டுப் போனதும், பாழாகிவிடக் கூடாதே என்று அவரே பூட்டிவைத்த அந்தப் புதுக் கட்டடத்தின், லேடீஸ் டாய்லெட்டின் சாவி, அந்தக் கொத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.