செண்பகத்துக்காக ஒரு விரதம்

செண்பகத்தின் செல்களுக்கு உணவை எரித்துச் சக்தியாக்கத் தெரியாமல் போய்விட்டது. கணவன் சிவநேசன் சாப்பிடுவதில் பாதிச் சக்தி, மணிக்கட்டுப் பட்டை வழியாக அவள் உடம்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. சிவநேசன் பதறிப்போய்ப் பட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"பட்டை நல்லாத்தான் இருக்கு," என்றாள் மெலிந்த குரலில். "நீங்க மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

அவன் பட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"இன்னைக்குச் சஷ்டி. உனக்குக் குணமாகணும்னு விரதம் இருக்கேன்."

செண்பகம் சிரித்துவிட்டாள். "என்னைப் பட்டினி போட்டுட்டு எனக்கே வேண்டுதலா? முருகன் கோவிச்சுக்க மாட்டார், போய்ச் சாப்பிடுங்க."

ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தயிர்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட அந்த விரல்களில் சூடு ஏறியது. அவை மெல்ல அவன் கையை இறுக்கின.

"ஊறுகாயும் வச்சுக்குங்க," என்றாள்.