பதினான்காவது சீட்டு

சில்வர் டப்பாவில் பதின்மூன்று சீட்டுகள் இருந்தன. கூடத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம்.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். சீட்டு எழுதியது நான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலை, எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியம் லூசி அக்கா வீட்டில் கூடும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்காகக் கிறிஸ்துமஸ் வரை ரகசியமாக ஜெபிக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அக்கா பெயர்களை என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

கடைசிப் பெயர் அருள்சாமி. அதை மட்டும் நான் எழுதவில்லை.

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு அன்று அவர் குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்று, என்னை வெளியே வரச் சொல்லிக் கத்தினார். இடுப்பில் வேட்டி இல்லை. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலைகள்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது நான்கு மாதமாகக் குடிப்பதில்லையாம். கரையாம்புத்தூரில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாராம். லூசி அக்காதான் போய் அழைத்துவந்தார். அவர் உள்ளே வந்தபோது அம்மா தலை குனிந்துகொண்டாள். அவர் யார் பக்கத்திலும் உட்காராமல் வாசற்படி ஓரமாகக் கடைசியில் உட்கார்ந்தார்.

அவருக்காக ஒருவரும் ஜெபிக்கக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஒரு பெயர் குறைந்தால் ஒரு கைக்குச் சீட்டு கிடைக்காது என்பது டப்பா நகர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வயலில் இருக்கும் இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட்டு மற்றவர் விடப்படும் விவிலியப் பகுதியைச் சற்றுமுன்தான் வாசித்திருந்தோம்.

"ஏற்கெனவே களையெடுக்க ஆளு கெடைக்கல. அதுலயும் ஒர்த்தர எடுத்துக்கினு பூட்டா இன்னா பண்றது அக்கா?" என்றபடி ஆன்டோ அண்ணன் சீட்டை எடுத்தார்.

"வேதத்துல வெளாடாதடா. டப்பாவ நவுத்து" என்றார் லூசி அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் டப்பாவில் மிச்சமிருந்த சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்து இருந்தது. மூன்றானது.

"இன்னாடி ஜெனி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றார் அக்கா. பிறகு எல்லார் பக்கமும் திரும்பினார்.

"யாருக்குனா வரலன்னா சொல்லுங்கப்பா. எல்லாத்தையும் பிரிச்சி வாசிச்சிடலாம். எந்தப் பேரு வுட்டுப்போச்சின்னு தெரிஞ்சிடும்."

எந்தப் பெயர் என்று தெரிந்தால் எழுதாதவள் யார் என்றும் தெரியும். ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

கடைசிச் சீட்டை அருள்சாமிக்கு முன்னால் இருந்தவர் எடுத்துக்கொண்டு டப்பாவை அவரிடம் தள்ளினார்.

அவர் கையை உள்ளே விட்டார். விரல்கள் அடித்தகட்டில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

சத்தம் நின்றது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் முறை.

"இன்னாண்ணே, இல்லியா?" என்றார் அக்கா.

அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றால் வாசலில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் விரல்களை மடக்கிக் கையை வெளியே எடுத்தார்.

"இருக்குதும்மா" என்றார்.

அக்கா காலி டப்பாவை வாங்கி மூடிவைத்தார். வந்த பெயரைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி மனதுக்குள் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சீட்டுகள் பிரியும் சத்தம் அடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை.

அவர் ஒன்றுமில்லாத கையை விரித்துப் பார்த்தார். மறுபடி மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவருடைய உதடுகள் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தன.

பாப்பு.

அப்பா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்.