இடது காதுக்கு மேலே

எங்கள் போலீஸ் படைக்குக் குண்டு தாங்கும் புதிய தலைக்கவசங்களைத் தேர்ந்தெடுத்தபோது, களிமண் தலைகளில் மாட்டி அவற்றைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தவன் நான். முதல் குண்டை எப்போதும் இடது காதுக்கு மேலேதான் வைப்பேன். ஒருமுறை குண்டு பட்ட கவசம் அடுத்ததைத் தாங்காது. பட்டதையெல்லாம் உடைத்துப் போட்டதாகக் கையெழுத்திட்டவன், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் என் நண்பன் அருள்தாசன். இன்று சுற்றிவளைப்புக்கு வண்டி ஏறுமுன் அவனே ஒன்றை நீட்டினான்.

"புதுசு மாப்ள. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. உள்மெத்தையை விலக்கித் தடவினேன். இடது காதுக்கு மேலே, நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. வெளியே பள்ளம் தெரியாதபடி பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நிமிர்ந்தேன். அருள்தாசன் என் கண்ணைப் பார்க்கவில்லை. கவசத்தை வாங்கி என் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை அவனே இறுக்கினான்.

"லூசா இருந்தா ஆபத்துடா" என்றான்.