எல்லாம் அமெரிக்காவின் வேலை

இந்தக் கதையில் உங்களுக்கு ஒரு நல்ல சிரிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கோ. முதலில் எங்கள் பரமேஸ்வரன் சித்தப்பாவைத் தெரியவேணும்.

சித்தப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் ஒன்றும் தானாக நடக்காது. அரபு நாட்டில் சனம் தெருவுக்கு வந்தால் போதும், "உது அமெரிக்காக்காரன்ரை வேலை!" என்பார்.

1991 மார்ச். ஈராக்கின் தெற்கில் சனம் அரசாங்கத்துக்கு எதிராக எழும்பியிருந்தது. இங்கிலிஷ்காரன் நாட்டில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த ஜாசிம், அந்தத் தெற்கிலுள்ள பஸ்ராக்காரன். அவனுடைய தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை.

அப்படிப்பட்டவனிடம்தான் சித்தப்பா தினமும் சொல்வார்: "உன்ரை தம்பியை ஏவிவிட்டதே அமெரிக்காதான்!"

"என் தம்பி பேக்கரியில் மா பிசைகிறவன் அங்கிள்! அவனை யாரும் ஏவவில்லை!" ஜாசிம் மேசையில் குத்துவான்.

எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், கோயில் ஐயர், பஸ் கண்டக்டர், எவர் குரலும் என் தொண்டையில் வரும்.

"சித்தப்பாவை ஒருக்கால் நடுங்க வைக்கட்டா?" என்று ஜாசிமிடம் கேட்டேன். பத்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றோம். ரிசீவரில் ஆளுக்கொரு காது. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸின் மூக்குக் குரலை எடுத்தேன். ஜாசிமோடு பேசுவதைப் போல இதுவும் இங்கிலிஷ்தான், நான் தமிழில் தருகிறேன்.

"மிஸ்டர் பரமேஸ்வரன்? விசா அலுவலகம். ஈராக் கிளர்ச்சி அமெரிக்காவின் வேலை என்று சொல்லித் திரிகிறீராம். அந்த இரகசியம் உமக்கு எப்படிக் கிடைத்தது?"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது.

"மேடம்... அது... சும்மா..." சித்தப்பாவின் நாக்குத் தந்தியடித்தது. அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஜாசிம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பொறுங்கோ, நான் சொன்ன சிரிப்பு இதில்லை.

"உம் வீட்டு ஈராக்காரன் சொன்னானா? ஆம் என்று ஒரு சொல் சொல்லும். உமக்கு நாளைக்கே விசா."

சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இல்லை மேடம். என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புங்கோ, அவனிலை கை வையாதேங்கோ. நான்தான் பொய் சொன்னனான்."

"பொய்யா?"

"அந்தச் சனம் தானாய்த்தான் எழும்பினது. நானும் அப்பிடி ஒரு ஊரிலை இருந்து வந்தவன், எனக்குத் தெரியாதோ? ஆனால் பெடியன் ரெண்டு நாளாய்ப் பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை. ஏவிவிட்டது அமெரிக்கா எண்டால், காப்பாத்தவும் அமெரிக்கா வரும் எண்டு நினைப்பான்தானே? என்னோடை சண்டை பிடிச்சாலும், அந்த நினைப்பிலைதான் நித்திரை கொள்ளுறான். காலமை ரேடியோவிலை சொன்னவங்கள், அரசாங்கத்தின்ரை டாங்கியள் பஸ்ராவுக்குள்ளை பூந்திட்டுதாம். அமெரிக்கா பாத்துக்கொண்டு நிக்குதாம். அவன் எழும்ப முன்னம் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டன். ஒருத்தரும் வரமாட்டினம் மேடம். கும்பிட்டுக் கேக்கிறன், அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ஹெட்மிஸ்ட்ரஸின் குரலைத் தேடினேன். வரவில்லை. என் சொந்தக் குரலும் வரவில்லை.

ஜாசிம் ரிசீவரிலிருந்து மெல்லக் காதை எடுத்தான்.

"அப்போ, ஒருத்தருமே வரமாட்டார்களா?"