குகை வாசலில் கருஞ்சிறுத்தை

காட்டருவியைப் பார்க்க பெங்களூரிலிருந்து மோட்டாரில் வந்த ஓஸ்வால்ட்டும் மனைவி நோராவும் மழைக்குக் குகையில் ஒதுங்கியபோது, வாசலில் கருஞ்சிறுத்தை வந்து நின்றது.

நோராவைப் பின்னால் தள்ளிவிட்டு, ஓஸ்வால்ட் தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. பதறிப்போய் மறுபடியும் அழுத்தினான்.

சிறுத்தை இருவரையும் உற்றுப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, அருவிச் சாரலுக்குள் மறைந்தது.

“தோட்டா எங்கே?” அவன் துப்பாக்கியைத் திறந்து பார்த்தான்.

“காலையிலேயே எடுத்துக் கிணத்துல போட்டுட்டேன்” என்றாள் நோரா.

“பைத்தியமா உனக்கு? ரெண்டு பேரும் செத்திருப்போம்!”

“தனியா கிளம்பின உங்களோட நான் ஏன் அடம்பிடிச்சு வந்தேன்? பைபிளுக்குள்ள நீங்க எழுதிவெச்ச கடைசி லெட்டரைப் படிச்சுட்டேன். நம்ம மக மௌரீன் செத்துப்போன துக்கம் எனக்கும் இருக்கு.”

அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான்.

“சாக வந்தவர், அந்தச் சிறுத்தையை எதுக்குங்க சுடப் பாத்தீங்க?”